வீட்டுச் சமையலின் சத்துக் கணக்கு: முதன்முதலாகக் கணக்கிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

கடையில் வாங்கும் உணவுப் பொட்டலத்தின் பின்புறத்தில் கலோரி எவ்வளவு, புரதம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறது. வீட்டில் நம் கையாலேயே சமைக்கும் உணவுக்கு அப்படி எந்தக் குறிப்பும் இருப்பதில்லை. நீரிழிவின் காரணமாக மாவுச்சத்தை எண்ணிச் சாப்பிட வேண்டியவருக்கும், இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்கும், வளரும் குழந்தைக்குப் புரதம் போதுமான அளவு கிடைக்கிறதா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் அந்தக் குறிப்பு உண்மையிலேயே தேவைப்படுகிறது. அதை வீட்டிலேயே தயாரித்துவிடலாம் என்பதும், அதற்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பெருக்கலும் கூட்டலும் வகுத்தலும் போதும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கணக்கு எளிது, அதற்குள் போடும் எண்களை ஒழுங்காக எடுப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் சூத்திரங்களைவிட எடை போடுவதைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

கணக்கின் அடிப்படை

அடிப்படை ஒன்றுதான்: பாத்திரத்துக்குள் போன சத்துதான் பாத்திரத்தில் இருக்கும், தண்ணீர் மட்டுமே வந்து போகும். பருப்பை வேகவைக்கும்போது அது தண்ணீரை உறிஞ்சி இரண்டரை மடங்கு எடையாகிறது. ஆனால் அதிலிருந்த புரதம் ஒரு கிராம்கூடக் கூடுவதில்லை. சூப்பைக் கொதிக்கவிட்டு வற்றவைக்கும்போது எடை குறைகிறது. ஆனால் அதிலிருக்கும் கொழுப்போ மாவுச்சத்தோ ஆவியாகிப் போவதில்லை. எனவே சமைப்பதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் எடை போட்டு, ஒவ்வொன்றின் சத்தையும் அட்டவணையிலிருந்து எடுத்துக் கூட்டினால், பாத்திரத்தில் இருக்கும் மொத்தச் சத்து கிடைத்துவிடும். பிறகு சமைத்து முடித்த உணவை முழுவதுமாக எடை போட்டு, மொத்தச் சத்தை அந்த எடையால் வகுத்தால் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்பது வந்துவிடும். தட்டில் எத்தனை கிராம் வைத்துக்கொள்கிறோமோ அதனால் பெருக்கினால் நாம் சாப்பிடுவது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஆற்றலைப் பொறுத்தவரை, புரதம் ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி, மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 என்ற எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வேதியியலாளர் வில்பர் ஆட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. இன்றும் உலகம் முழுவதும் உணவுக் குறிப்புகள் இவற்றையே அடிப்படையாகக் கொள்கின்றன. நார்ச்சத்துக்குப் பொதுவாக 2 கிலோகலோரி என்றும், மதுசாரத்துக்கு 7 என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சுவழக்கில் நாம் 'கலோரி' என்று சொல்வது உண்மையில் கிலோகலோரியைத்தான். சில அட்டவணைகள் ஆற்றலைக் கிலோஜூலில் தருகின்றன. அந்த எண்ணை 4.184ஆல் வகுத்தால் கிலோகலோரி கிடைக்கும்.

தராசும் பாத்திரங்களும்

ஒரு கிராம் வரை காட்டும், குறைந்தது 5 கிலோ தாங்கும் டிஜிட்டல் சமையல் தராசு ஒன்று வேண்டும். உப்பு, ஈஸ்ட் போன்றவற்றைச் சிறிய அளவில் போடுகிறவர்கள் 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசையும் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் ஒரு கிராம் தராசில் 3 கிராம் உப்பை எடை போட்டால் அது இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையாகவும் இருக்கலாம். கரண்டி, கோப்பை அளவுகளை நம்பிக் கணக்கில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே கோப்பையில் மாவைத் தளர்வாகக் கொட்டினால் ஓர் எடை, அழுத்தி நிரப்பினால் வேறோர் எடை. ஒரே கரண்டியில் தூள் உப்பு எடுத்தால் ஓர் எடை, கல் உப்பு எடுத்தால் இன்னோர் எடை.

முதல் வேலையாக, நீங்கள் வழக்கமாகச் சமைக்கும் ஒவ்வொரு பாத்திரத்தையும் காலியாக, மூடியில்லாமல், ஈரம் துடைத்து எடை போட்டு ஓர் அட்டையில் எழுதி அடுப்படியில் ஒட்டிவையுங்கள். நான் தொடங்கிய புதிதில் இதைச் செய்யவில்லை. சூப் கொதித்து முடிந்த பிறகுதான் பாத்திரத்தின் எடை தெரியாது என்பது உறைத்தது. வேறு பாத்திரத்துக்கு மாற்றி எடை போடுவதற்குள் அடியில் ஒட்டியதும் சிந்தியதும் போக, அன்றைய கணக்கைக் கைவிட வேண்டியதாயிற்று. காலிப் பாத்திரத்தின் எடை தெரிந்திருந்தால், சமைத்த பிறகு பாத்திரத்தோடு எடை போட்டுக் கழித்துவிட்டால் போதும். சூடான பாத்திரத்தைத் தராசின் மேல் நேரடியாக வைக்காமல் நடுவில் ஒரு மரப்பலகையை வைத்து, பலகையோடு சேர்த்துத் தராசைச் சுழியாக்கிவிட்டு (திரையில் 0 வரச் செய்து) பிறகு வையுங்கள். வெப்பத்தால் தராசின் உணரி தவறான எடையைக் காட்டக்கூடும்.

எடை போடும் முறை

காய்கறிகளையும் பழங்களையும் தோல், காம்பு, விதை நீக்கிய பிறகே எடை போட வேண்டும். சத்து அட்டவணைகளில் இருக்கும் எண்கள் பொதுவாக உண்ணத் தக்க பகுதியின் 100 கிராமுக்கு உரியவை. வாழைப்பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோல்தான். அதைத் தோலோடு எடை போட்டு அட்டவணை எண்ணால் பெருக்கினால் கணக்கு ஒன்றரை மடங்காகிவிடும். பருப்பு, பயறு, அரிசி போன்றவற்றை ஊறவைப்பதற்கு முன்பே, உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். உறைந்த காய்கறி, இறைச்சி ஆகியவற்றில் பனிக்கட்டி ஒட்டியிருந்தால் உருகவிட்டு, நீரை வடித்த பின் எடை போடுவது சரியாக இருக்கும்.

எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீட்டுக் கணக்குகள் பெரும்பாலும் பிழைபடுவது இங்கேதான். எண்ணெய் முழுக்க முழுக்கக் கொழுப்பு. 100 கிராமுக்கு 884 முதல் 900 கிலோகலோரி. சமையலறையில் இருக்கும் வேறெந்தப் பொருளிலும், கை சற்றே தாராளமாக நீண்டால் கணக்கு இவ்வளவு மாறுவதில்லை. எண்ணெயைக் கரண்டியில் ஊற்றி அளப்பதைவிட எளிதான வழி ஒன்று உண்டு. எண்ணெய்ப் புட்டியையே தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். பிறகு புட்டியை எடுத்து வழக்கம்போல வாணலியில் ஊற்றிவிட்டுத் திரும்பத் தராசில் வையுங்கள். திரையில் கழித்தல் குறியோடு ஓர் எண் தெரியும். நீங்கள் ஊற்றியது அவ்வளவு கிராம். நான் இதை முதன்முறை செய்தபோது ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 14 கிராம் ஊற்றியதாகத்தான் நினைத்தேன். திரையில் கழித்தல் 31 என்று காட்டியது. அந்த 17 கிராம் வேறுபாடு மட்டுமே 150 கிலோகலோரி. அன்றிலிருந்து எண்ணெயை நான் கண்ணால் அளப்பதில்லை. வெண்ணெய், தேன், தயிர், சாஸ் போன்று கரண்டியில் ஒட்டிக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் இதே முறை பொருந்தும். கரண்டியில் ஒட்டியது கணக்கில் வராமல், உணவுக்குள் போனது மட்டும் கணக்கில் வரும்படி கரண்டியையும் புட்டியோடு சேர்த்தே முதலிலும் திரும்பவும் எடை போடுங்கள்.

மில்லிலிட்டரும் கிராமும் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும். தண்ணீருக்கு மட்டும் அவை ஏறக்குறைய சமம். எண்ணெய் ஒரு மில்லிலிட்டர் சுமார் 0.92 கிராம், பால் 1.03 கிராம், தேன் 1.4 கிராம். எல்லாவற்றையும் கிராமிலேயே எடுத்துவிட்டால் இந்த மாற்றல் தொல்லை இல்லை.

சத்து அட்டவணையைத் தேர்ந்தெடுத்தல்

அடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் 100 கிராமில் என்ன சத்து இருக்கிறது என்ற எண் வேண்டும். நம்பத் தக்க எண்கள், ஆய்வகங்களில் பகுத்தாய்ந்து அரசு நிறுவனங்கள் வெளியிடும் அட்டவணைகளில் கிடைக்கின்றன. அமெரிக்க வேளாண்மைத் துறை 2019இல் தொடங்கிய 'ஃபுட்டேட்டா சென்ட்ரல்' என்ற தரவுத்தளத்தை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் பகுப்பாய்வு இருக்கிறது. மற்ற நாடுகளின் அட்டவணைகளைத் தேடுகிறவர்களுக்கு, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தோடு இணைந்து இயங்கும் 'இன்ஃபுட்ஸ்' என்ற வலையமைப்பு நாடுவாரியாகப் பட்டியல் தருகிறது. நீங்கள் வாங்கும் பொருள் எந்த மண்ணில் விளைந்ததோ அந்தப் பகுதியின் அட்டவணை கிடைத்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். ஒரே பெயருள்ள காயும் தானியமும் இரகத்துக்கு இரகம் சத்தில் மாறுபடுகின்றன. பொட்டலமாக வாங்கும் பொருளுக்கு, அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்களையே பயன்படுத்துவது முறை.

அட்டவணையைப் பார்க்கும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, பச்சையா சமைத்ததா என்பது. உலர்ந்த பருப்பு 100 கிராமில் சுமார் 352 கிலோகலோரி. வேகவைத்த பருப்பு 100 கிராமில் சுமார் 116. பெயர் ஒன்றுதான், எண்களோ மூன்று மடங்கு வேறு. 200 கிராம் உலர்ந்த பருப்பைப் போட்டுவிட்டு, தேடலில் முதலில் வந்த 'வேகவைத்த பருப்பு' என்ற பதிவைத் தேர்ந்தெடுத்தால் 704க்குப் பதில் 232 என்று வரும். அரிசியிலும் இப்படித்தான்: சமைக்காத அரிசியாகச் சுமார் 360, சோறாகச் சுமார் 130. எந்த நிலையில் எடை போட்டீர்களோ அந்த நிலைக்குரிய பதிவையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, மாவுச்சத்து என்று எதைச் சொல்கிறார்கள் என்பது. அமெரிக்க அட்டவணையில் 'மொத்த மாவுச்சத்து' என்றால் நார்ச்சத்தும் அதற்குள் அடங்கியிருக்கும். இந்திய அட்டவணையிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொட்டலக் குறிப்புகளிலும் நார்ச்சத்து தனி. மாவுச்சத்து என்றிருக்கும் எண்ணில் அது சேராது. பருப்பு போன்ற நார் மிகுந்த பொருள்களில் இந்த வேறுபாடு 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேலும் போகும். ஒரு பொருளுக்கு ஓர் அட்டவணை, இன்னொன்றுக்கு வேறோர் அட்டவணை என்று கலந்து எடுக்கிறவர்கள், எல்லா எண்களையும் ஒரே முறைக்கு மாற்றிக்கொண்ட பிறகே கூட்ட வேண்டும். இன்சுலின் எடுத்துக்கொள்பவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. எந்த எண்ணை வைத்து மருந்தின் அளவைத் தீர்மானிப்பது என்பதைத் தங்கள் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டு உறுதிசெய்துகொள்வது அவசியம்.

ஒரு சூப்பை வைத்துக் கணக்கிடுவோம்

பருப்பும் காய்கறியும் சேர்த்த ஒரு சூப்பை எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் போகிறவை: உலர்ந்த மசூர் பருப்பு 200 கிராம், தோல் நீக்கிய வெங்காயம் 150 கிராம், கேரட் 200 கிராம், தக்காளி 250 கிராம், எண்ணெய் 27 கிராம், உப்பு 8 கிராம், தண்ணீர் 1,000 கிராம். மொத்தம் 1,835 கிராம். ஒரு தாளிலோ எக்செல் விரிதாளிலோ பொருளுக்கு ஒரு வரியும், எடை, ஆற்றல், புரதம், மாவுச்சத்து, நார்ச்சத்து, கொழுப்பு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பத்தியும் வரைந்துகொள்ளுங்கள். கீழே உள்ள எண்கள் அமெரிக்க அட்டவணையை ஒட்டியவை; ஆகவே மாவுச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடக்கம்.

பருப்பிலிருந்து தொடங்குவோம். 100 கிராம் உலர்ந்த பருப்பில் 352 கிலோகலோரி, புரதம் 24.6 கிராம், மாவுச்சத்து 63.4 கிராம், நார்ச்சத்து 10.7 கிராம், கொழுப்பு 1.1 கிராம். நாம் போட்டது 200 கிராம் என்பதால் எல்லாவற்றையும் 2ஆல் பெருக்க வேண்டும்: 704 கிலோகலோரி, புரதம் 49.2, மாவுச்சத்து 126.8, நார்ச்சத்து 21.4, கொழுப்பு 2.2. வெங்காயத்தின் எண்களை 1.5ஆல் பெருக்கினால் 60 கிலோகலோரியும், புரதம் 1.7, மாவுச்சத்து 14, நார்ச்சத்து 2.6 கிராமும் வருகின்றன. கேரட்டில் 82 கிலோகலோரி, புரதம் 1.9, மாவுச்சத்து 19.2, நார்ச்சத்து 5.6, கொழுப்பு அரைக் கிராம். தக்காளியில் 45 கிலோகலோரி, புரதம் 2.2, மாவுச்சத்து 9.7, நார்ச்சத்து 3, கொழுப்பு அரைக் கிராம். எண்ணெயில் 27 கிராம் கொழுப்பும் 239 கிலோகலோரியும் மட்டும், வேறொன்றும் இல்லை.

கூட்டினால் பாத்திரம் முழுவதற்கும் 1,130 கிலோகலோரி, புரதம் 55 கிராம், மாவுச்சத்து 170 கிராம், அதில் நார்ச்சத்து 33 கிராம், கொழுப்பு 30 கிராம். 600 கிராம் காய்கறிகள் சேர்ந்து தந்த ஆற்றல் 187 கிலோகலோரி என்பதையும், 27 கிராம் எண்ணெய் தனியாகத் தந்தது 239 என்பதையும் சற்று நின்று பாருங்கள். வெங்காயத்தில் 20 கிராம் தவறினால் 8 கிலோகலோரிதான் பிழை. எண்ணெயில் 20 கிராம் தவறினால் 177. கவனத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

இப்போது கூட்டலில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். நார்ச்சத்தைக் கழித்த மாவுச்சத்து 137 கிராம். அதை 4ஆல் பெருக்கினால் 548. நார்ச்சத்து 33ஐ 2ஆல் பெருக்கினால் 66. புரதம் 55ஐ 4ஆல் பெருக்கினால் 220. கொழுப்பு 30ஐ 9ஆல் பெருக்கினால் 270. எல்லாம் சேர்ந்து 1,104. அட்டவணை வழியாக வந்த 1,130க்கும் இதற்கும் 3 சதவீதத்துக்குக் குறைவான இடைவெளிதான். அட்டவணை ஒவ்வொரு உணவுக்கும் சற்றே வேறுபட்ட பெருக்கெண்களைப் பயன்படுத்துவதால் இந்த அளவு இடைவெளி இயல்பானது. 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வந்தால், ஏதோ ஒரு வரியில் தவறான எண் ஏறியிருக்கிறது, அல்லது பச்சை, சமைத்தது என்ற குழப்பம் நடந்திருக்கிறது என்று பொருள், தேடிப் பிடியுங்கள்.

இனி சூப்பைச் சமைத்து இறக்குகிறோம். பாத்திரத்தோடு எடை போட்டுப் பாத்திரத்தின் எடையைக் கழித்ததில் 1,500 கிராம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 335 கிராம் தண்ணீர் ஆவியாகிவிட்டது. மொத்தச் சத்தை 15ஆல் வகுத்தால் 100 கிராமுக்கு 75 கிலோகலோரி, புரதம் 3.7, மாவுச்சத்து 11.3, நார்ச்சத்து 2.2, கொழுப்பு 2 கிராம். ஒருவர் ஒரு கிண்ணத்தில் 320 கிராம் ஊற்றிக்கொள்கிறார் என்றால் அவருக்குக் கிடைப்பது 241 கிலோகலோரி, புரதம் 11.7 கிராம், மாவுச்சத்து 36 கிராம், அதில் நார்ச்சத்து 7 கிராம், கொழுப்பு 6.4 கிராம்.

பாத்திரத்தை எடை போடாமல், 'நான்கு பேருக்கு' என்று வைத்து மொத்தத்தை நான்கால் வகுப்பது பலரின் வழக்கம். உணவு முழுவதையும் உண்மையிலேயே நான்கு சம பங்காகப் பிரித்தால் அதில் தவறில்லை. வீட்டிலோ ஒருவர் இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்வார், இன்னொருவர் மூன்று கரண்டி ஊற்றிக்கொள்வார், மிச்சம் மறுநாளைக்குப் போகும். கிராம் கணக்கில் இருந்தால் யார் எவ்வளவு சாப்பிட்டாலும் கணக்கு நிற்கும்.

உப்பும் சோடியமும்

உப்பின் எடையில் சுமார் 39 சதவீதம் சோடியம். எளிமைக்காக ஒரு கிராம் உப்பில் 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் சூப்பில் போட்ட 8 கிராம் உப்பில் ஏறத்தாழ 3,140 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. 320 கிராம் கிண்ணத்துக்கு அது 670 மில்லிகிராம். காய்களில் இயல்பாக இருப்பதும் சேர்ந்தால் சுமார் 700. பெரியவர்கள் ஒரு நாளில் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம், அதாவது 5 கிராமுக்குக் குறைவான உப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த வரம்பில் மூன்றில் ஒரு பங்கு ஒரே கிண்ணத்தில் வந்துவிட்டது. சமைத்து முடித்த பிறகு ருசி பார்த்துக் கூடுதலாகப் போடும் உப்பையும், சாஸ், ஊறுகாய், பாலாடைக்கட்டி போன்றவற்றில் ஏற்கெனவே இருக்கும் உப்பையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடக் கூடாது. உப்பு டப்பாவையும் எண்ணெய்ப் புட்டியைப் போலவே சமையலுக்கு முன்னும் பின்னும் எடை போட்டால், இடையில் எத்தனை முறை கிள்ளிப் போட்டாலும் மொத்தம் தெரிந்துவிடும். பொட்டலத்தில் சோடியத்துக்குப் பதில் 'உப்பு' என்று போட்டிருந்தால், அதை 2.5ஆல் வகுத்தால் சோடியம்.

கணக்கு சிக்கலாகும் இடங்கள்

பாத்திரத்துக்குள் போனதெல்லாம் வயிற்றுக்குள் போகாத சமையல்களில் மட்டும் கூடுதல் வேலை இருக்கிறது.

எண்ணெயில் பொரிக்கும்போது வாணலியில் ஊற்றிய எண்ணெய் முழுவதையும் கணக்கில் சேர்த்தால் அபத்தமான எண் வரும். சேர்க்காமல் விட்டாலும் தவறு. பொரிப்பதற்கு முன் எண்ணெயோடு வாணலியை எடை போடுங்கள். பொரித்து முடித்து, எண்ணெய் நன்றாக ஆறிய பிறகு மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடைதான் உணவு உறிஞ்சிய எண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம். வடிதாளில் இறங்கியதையும் கணக்கில் கொள்ள விரும்பினால் தாளை முன்னும் பின்னும் எடை போட்டுக் கழியுங்கள். சூடான எண்ணெயுள்ள வாணலியைத் தூக்கித் தராசில் வைக்கும் வேலை ஒருபோதும் வேண்டாம். ஆறும்வரை பொறுத்திருப்பதால் கணக்கு எதுவும் கெட்டுவிடாது.

எலும்புள்ள இறைச்சியைச் சமைத்தால், சாப்பிட்டு முடித்த பின் எலும்புகளைச் சேர்த்து எடை போட்டு, சமைத்த உணவின் எடையிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் எலும்பு நீங்கிய பச்சை இறைச்சிக்குத்தான் எண் இருக்கும் என்பதால், சமைக்கும் முன் போட்ட எடையிலும் எலும்பின் பங்கைக் குறைக்க வேண்டும். வறுக்கும்போதும் சுடும்போதும் இறைச்சியிலிருந்து நீரோடு கொஞ்சம் கொழுப்பும் உருகி வெளியேறுகிறது. அந்தக் கொழுப்பைச் சாறாகவோ குழம்பாகவோ சேர்த்துச் சாப்பிட்டால் கணக்கு மாறாது, தட்டிலேயே விட்டுவிட்டால் அதை எடை போட்டுக் கழிக்கலாம்.

இறைச்சியை மசாலாவிலும் தயிரிலும் ஊறவைத்து எடுத்தால், கிண்ணத்தில் மிஞ்சிய கலவையை எடை போட்டு, மொத்தக் கலவையில் அது எத்தனை பங்கு என்று பார்த்து அந்த அளவுக்குச் சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாவில் புரட்டிப் பொரிக்கும்போது மிஞ்சும் மாவுக்கும் இதே வழிதான். வேகவைத்த நீரை வடித்துக் கொட்டும் பாஸ்தா, உருளைக்கிழங்கு போன்றவற்றில் ஆற்றலும் புரதமும் பெரிய அளவில் குறைவதில்லை. அந்த நீரில் போட்ட உப்பில் பெரும்பகுதி வடிந்து போய்விடும். அதைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வீட்டில் வழியில்லை என்பதால், அட்டவணையில் இருக்கும் 'உப்பு நீரில் வேகவைத்தது' என்ற பதிவின் சோடியம் எண்ணை எடுத்துக்கொள்வது நியாயமான வழி. சமையலில் ஊற்றும் ஒயினின் மதுசாரம் கொதித்தவுடன் முற்றாகப் போய்விடும் என்ற நம்பிக்கை தவறு; அமெரிக்க வேளாண்மைத் துறையின் எண்களின்படி, கலந்து கொதிக்கவிட்ட 15 நிமிடங்களுக்குப் பிறகும் சுமார் 40 சதவீதம் எஞ்சியிருக்கிறது.

வைட்டமின்கள்

இதுவரை சொன்ன விதி ஆற்றல், புரதம், கொழுப்பு, மாவுச்சத்து ஆகியவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். இரும்பு, கால்சியம், பொட்டாசியம் போன்ற தாதுக்களை வெப்பம் அழிப்பதில்லை. ஆனால் அவை நீரில் கரைந்து இறங்கும், நீரைக் கொட்டினால் அதோடு போய்விடும். சூப்பாகக் குடித்தால் அப்படியே கிடைக்கும். வைட்டமின்களின் கதை வேறு. வைட்டமின் சி, ஃபோலேட், தயமின் ஆகியவை வெப்பத்தாலும் அழிகின்றன, நீரிலும் கரைகின்றன. ஆகவே பச்சைக் காய்க்கு அட்டவணையில் இருக்கும் வைட்டமின் எண்ணைச் சமைத்த உணவுக்கு அப்படியே எழுதினால் அது பொய்யான எண்.

சமைத்த பிறகு ஒவ்வொரு வைட்டமினிலும் எத்தனை சதவீதம் எஞ்சும் என்ற பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்டிருக்கிறது. பச்சை எண்ணை அந்தச் சதவீதத்தால் பெருக்கிக்கொள்ளலாம். அல்லது காய்கறிக்கு மட்டும் 'வேகவைத்தது' என்ற பதிவிலிருந்து வைட்டமினை எடுத்து, சமைத்த எடைக்கு ஏற்பக் கணக்கிடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் சில மாதங்களுக்கு வைட்டமின் பத்தியை வரையவே வேண்டாம். ஆற்றல், புரதம், மாவுச்சத்து, நார்ச்சத்து, கொழுப்பு, சோடியம் என்ற ஆறையும் ஒழுங்காக எடுக்கப் பழகுங்கள்.

செயலிகளும் துல்லியமும்

பெருக்கலையும் கூட்டலையும் செய்யக் கைபேசிச் செயலிகள் பல இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவதில் தடையில்லை. ஆனால் பல செயலிகளில் பயனர்களே பதிவுகளைச் சேர்க்கிறார்கள். ஒரே பொருளுக்குப் பத்து பதிவுகள் வரும், பத்திலும் பத்து எண்கள் இருக்கும். புதிய பதிவைத் தேர்ந்தெடுக்கும்போது புரதத்தையும் மாவுச்சத்தையும் 4ஆலும், கொழுப்பை 9ஆலும் மனத்துக்குள் பெருக்கி, கலோரியோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத பதிவைத் தொட வேண்டாம். 'ஒரு கோப்பை', 'ஒரு துண்டு' என்று மட்டும் அளவு சொல்லும் பதிவுகளையும் விட்டுவிடுங்கள். செயலியில் உங்கள் செய்முறையைச் சேமிக்கும்போது, 'எத்தனை பரிமாறல்' என்று கேட்கும் இடத்தில் சமைத்த உணவின் மொத்த எடையைக் கிராமில் போட்டுவிட்டால், ஒரு பரிமாறல் ஒரு கிராமாகிவிடும். நம் சூப்புக்கு 1,500 என்று போட்டுவிட்டு, சாப்பிடும்போது 320 பரிமாறல் என்று பதியலாம். பெரும்பாலான செயலிகள் இதை ஏற்றுக்கொள்ளும்.

கிடைத்த எண்களை எத்தனை இலக்கம்வரை நம்பலாம் என்ற கேள்வி எழும். ஒரு தக்காளியின் சத்தும் இன்னொன்றின் சத்தும் ஒன்றல்ல. அட்டவணையில் இருப்பது சராசரி. அச்சிட்ட பொட்டலக் குறிப்புகளுக்கே அமெரிக்க விதிகளில் கலோரி, கொழுப்பு, சோடியம் ஆகியவை குறிப்பிட்டதைவிட 20 சதவீதம்வரை கூடுதலாக இருக்க இடம் தரப்பட்டிருக்கிறது. எனவே '241.07 கிலோகலோரி' என்று எழுதுவதில் பொருளில்லை. 240 என்று எழுதினால் போதும். கணக்கின் நடுவில் இலக்கங்களைக் குறைக்காமல் வைத்திருந்து, கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள். இதனால் கணக்கு பயனற்றது என்று யாரும் நினைக்க வேண்டாம். எண்ணெயைக் கண்ணால் அளந்து, பச்சையையும் சமைத்ததையும் குழப்பி, பங்கைத் தோராயமாகச் சொல்லும்போது பிழை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போகிறது. எடை போட்டுக் கணக்கிட்டால் அது பத்து, பதினைந்து சதவீதத்துக்குள் நின்றுவிடும். ஒரே சமையலில் எண்ணெயைப் பாதியாக்கினால் என்ன மாறுகிறது, பருப்பைக் கூட்டினால் புரதம் எவ்வளவு ஏறுகிறது என்று ஒப்பிட இந்தத் துல்லியம் தாராளம்.

ஒரு செய்முறைக்கு ஒரு முறை செய்த கணக்கைத் தேதி, பாத்திரத்தின் பெயர், பொருள்களின் எடை, சமைத்த பின் எடை, எந்த அட்டவணை என்ற விவரங்களோடு எழுதிவையுங்கள். அடுத்த முறை அதே பொருள்களை அதே எடையில் போட்டால் மொத்தச் சத்து அப்படியே இருக்கும். கொதிக்கும் நேரத்தைப் பொறுத்து மாறுவது இறுதி எடை மட்டும்தான். ஆகவே மறுமுறை சமைக்கும்போது செய்ய வேண்டியதெல்லாம், இறக்கியதும் பாத்திரத்தை எடை போட்டு, 1,500க்குப் பதில் புதிய எண்ணால் வகுப்பதே. வாரத்துக்கு ஒரு செய்முறை என்று தொடங்கினால், மூன்று நான்கு மாதங்களில் வீட்டில் வழக்கமாகச் சமைக்கும் உணவுகளில் பெரும்பாலானவை உங்கள் குறிப்பேட்டுக்குள் வந்துவிடும்.